ஜன்னலோரம் நின்ற வெள்ளைப் பந்து

டப்பென்று ஒரு சத்தம். அடுத்த கணம் நான் ஸ்நூக்கர் மேசைக்கு அடியில் இருந்தேன்.

எப்படிப் போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கையில் கியூ கோல், தலையில் ஒட்டடை, வாயில் "முருகா". மேசையின் பருத்த காலைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். எதிரே துரையின் பழுப்புச் சப்பாத்து இரண்டும் அசையாமல் நின்றன.

"ரப்பர் கொட்டைதான், கிராணி. வெளியே வரலாம்," என்று மேலேயிருந்து ஆங்கிலத்தில் குரல் வந்தது.

நல்ல வெயிலில் ரப்பர் காய் காய்ந்து வெடிக்கும். தோட்டத்தில் பிறந்த எனக்கு இது தெரியாதா? சின்ன வயதில் அந்தக் கொட்டையைக் கல்லில் தேய்த்துச் சூடேற்றி, அடுத்தவன் தொடையில் வைத்து அலறவிட்டவன் நான். ஆனால் மலாயாவில் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு காட்டுக்குள் போய், அவசரகாலம் வந்த பிறகு எல்லாச் சத்தமும் ஒரே சத்தமாகத்தான் காதில் விழுந்தது.

முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். நான் அடிக்க வேண்டிய வெள்ளைப் பந்து ஜன்னல் பக்கத்து விளிம்புக் குஷனில் ஒட்டிக்கொண்டு நின்றது. மறுபடி ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தேன். கியூ நடுங்கியதில் பந்து ஒரு சாண்கூட நகரவில்லை.

நான் பயந்தாங்கொள்ளி. இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்கள் இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

துரை கேட்டால் அது கேள்வியா?

மஸ்ஜித் தானா ஊரிலிருந்து உள்ளே பிரியும் செம்மண் சாலையில் இருந்தது எங்கள் தோட்டம். அங்கே நான் இரண்டாவது கிராணி. ஆபீசில் உட்கார்ந்து வேலையாட்கள் பேர் எழுதுகிற வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி பாக்கியம், தங்கா பத்து என்ற ஊர்ப் பெண். அப்போது அவள் ஆறு மாதக் கர்ப்பிணி.

துரை என்றால் தோட்டத்து மானேஜர். வெள்ளைக்காரர், தனிக்கட்டை. முன்பெல்லாம் சனிக்கிழமை பிற்பகல் ஆனால் காரை எடுத்துக்கொண்டு மலாக்கா பட்டணத்தில் இருந்த அவர்கள் கிளப்புக்குப் போய்விடுவார். கம்யூனிஸ்டுகள் சாலை வளைவுகளில் ஒளிந்திருந்து கார்களைச் சுட ஆரம்பித்த பிறகு அது நின்றுபோயிற்று. பங்களாவைச் சுற்றி முள்கம்பி வந்தது. வராந்தா உயரத்துக்கு மணல் மூட்டை வந்தது. அதற்குள் மனுஷன் கூண்டுப் புலி மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

ஒருநாள் ஆபீசுக்கு வந்தவர் என் மேசையோரம் நின்றார்.

"நம் ஸ்டாஃப் கிளப்பில் ஒரு ஸ்நூக்கர் மேசை இருக்கிறதல்லவா? உனக்கு ஆடத் தெரியும் என்றார்களே?"

"கொஞ்சம் தெரியும், சார்."

"நல்லது. புதன், சனி. நாலு மணி."

அவ்வளவுதான். வேலை அவர் கொடுத்தது, வீடு அவர் கொடுத்தது. இதில் நான் என்னத்தைச் சொல்வது?

ஜன்னல்

கிளப் என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஒரு பலகைக் கொட்டகை, தகரக் கூரை, நடுவில் அந்த மேசை. யாரோ பழைய துரை தன் பங்களாவுக்கு வேண்டாமென்று தள்ளிவிட்டது. பச்சைத் துணியில் இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கும். மழைக்காலத்தில் துணி ஈரம் குடித்துப் பந்து சேற்றில் போவது போல உருளும்.

மேசையின் ஒரு நீளப் பக்கம் சுவர். மற்ற நீளப் பக்கம் முழுக்க ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே இருபது அடி புல், அதற்கப்பால் ரப்பர். பகல் நாலு மணிக்கும் அந்த மரங்களுக்குள் இருட்டாகத்தான் இருக்கும்.

ஜன்னலைச் சாத்தினால் என்ன என்று கேட்பீர்கள். சாத்தினால் பந்து தெரியாது. தோட்டத்து மின்சார இஞ்சினை ஆறரைக்குத்தான் ஓட்டுவார்கள். ஆறு மணிக்கே ஊரடங்கு. ஆக, ஆடுவதென்றால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

துரையோடு இரண்டு காவல்காரர்கள் வருவார்கள். ஒருவர் ஜீப்பருகில் நிற்பார், ஒருவர் வாசல் படியில் உட்கார்ந்து ரொக்கோப் புகையிலை சுருட்டுவார். ஜன்னல் பக்கத்துப் புல்லில் அட்டை அதிகம். அங்கே போய் நிற்க யாருக்கும் மனமில்லை.

அந்த மாதம்தான் பக்கத்துத் தோட்டத்தில் மரவேலையை மேற்பார்க்கும் ஒரு கண்டக்டரைச் சுட்டுவிட்டார்கள். பாவம், மரங்களைப் பார்த்துக்கொண்டு ரப்பர் நிரையில் நடந்து போனவர். முன்னால் நின்று ஒரு வார்த்தை பேசவில்லை. முதுகில் சுட்டார்கள். அதற்குப் பிறகு எனக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே ஓயாமல் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. சட்டைக்குள் எறும்பு ஊர்ந்தால்கூடத் துள்ளினேன்.

துரையோடு இருப்பவனும் துரையின் ஆள்தான். காட்டுக்குள்ளிருந்து பார்க்கிறவனுக்குக் கிராணியின் முதுகும் ஒரு முதுகுதானே?

பாக்கியம் கேட்ட கேள்வி

மேசைக்கு அடியில் போன கதையைப் பாக்கியத்திடம் மறைத்திருக்கலாம். ஆனால் தலையில் ஒட்டடையோடு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அவள் மீன் டின்னைத் திறந்துகொண்டிருந்தாள். அந்த நாட்களில் கடைக்காரரே டின்னில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடக் கூடாதாம். அதனால் வாங்கிய அன்றே தின்றாக வேண்டும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

"ஏங்க, நீங்க அங்க போகத்தான் வேணுமா?" என்றாள்.

"துரை கூப்பிட்டா எப்படி மாட்டேங்கிறது?"

"எங்கப்பா வீட்டுக்குப் போயிரலாம். தங்கா பத்துல எதாச்சும் வேலை பாத்துக்கலாம்."

"மாமனார் வீட்டுச் சோறா? அதுக்கு இந்தக் குண்டே மேல்."

இது வாய்ப்பேச்சு. உள்ளுக்குள் எனக்கும் அந்த ஆசை இருந்தது. பிறக்கப் போகிற பிள்ளைக்கு அப்பா இருக்க வேண்டும். அந்த அப்பாவுக்கு வேலையும் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் மாட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் மீனைச் சட்டியில் கொட்டினாள். பிறகு கேட்டாள்: "அந்த மேசையில நீங்க எங்க நிக்கணும்னு யாரு சொல்றது? துரையா?"

"யாரும் சொல்றதில்ல. ரெண்டு பேருக்கும் ஒரே வெள்ளைப் பந்து, அது எங்க நிக்குதோ அதுக்குப் பின்னால போய் நாம நிக்கணும். அதான் ஆட்டம்."

"அப்ப பந்தைச் செவுத்துப் பக்கமாவே நிக்க வைங்களேன். அதுகூடவா முடியாது?"

அடடா! இத்தனை வருஷம் கியூ பிடித்த எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள். சுவர்ப் பக்கம் நின்றால் முகம் ஜன்னலைப் பார்த்திருக்கும், நடுவில் மேசை இருக்கும். எதையாவது கண்டால் அப்படியே உட்கார்ந்துவிடலாம்.

அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். எங்கள் வீட்டில் ஒரே படுக்கையறை, கட்டில் ஜன்னலை ஒட்டியிருந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக் காற்று வேண்டும் என்று ஜன்னல் பக்கத்தை அவளுக்கே விட்டிருந்தேன். அவளும் வசதியாகத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

சைடு என்ற சனியன்

இங்கே என் வாலிபத் திமிரைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்துக்கு வருமுன் நான் மலாக்காவில் ஒரு கப்பல் ஏஜென்டு ஆபீசில் இருந்தேன். ஆபீஸ் முடிந்தால் ஒரு சீனர் நடத்திய பில்லியர்ட் கூடம்தான் கதி. அங்கே பேர் வாங்க வேண்டுமென்றால் ஒரே வழி, சைடு போட வேண்டும்.

சைடு என்றால், வெள்ளைப் பந்தை நடுவில் அடிக்காமல் இடமோ வலமோ தள்ளி அடிப்பது. பந்து பம்பரமாகச் சுழன்றுகொண்டு போகும். குஷனில் பட்டதும் யாரும் எதிர்பாராத பக்கம் திரும்பி ஓடும். பார்ப்பவர்கள் "அலாமாக்!" என்று வாயைப் பிளப்பார்கள். அந்த ஒரு "அலாமாக்"குக்காக நான் எத்தனை ஆட்டம் தோற்றிருக்கிறேன் தெரியுமா?

தோட்டத்து மேசையில் அந்த ஜம்பம் பலிக்கவில்லை. ஈரத்துணியில் சைடு போட்ட பந்து போகிற வழியிலேயே வளையும். ஒட்டுத் துணியில் ஏறினால் இன்னும் வளையும். சுவர்ப் பக்கம் அனுப்பினால் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு என்னைக் கூப்பிடும்.

அன்றே முடிவு செய்தேன். இனி சைடு கிடையாது. வெள்ளையின் நெற்றியில் நேராக ஒரு கோடு இழுத்த மாதிரி வைத்துக்கொள்வேன். அந்தக் கோட்டின் மேலே அடிக்கலாம், நடுவில் அடிக்கலாம், கீழே அடிக்கலாம். கோட்டை விட்டு விலகக் கூடாது.

ஒரு பத்திரிகைப் பக்கம்

துரை வராத நாட்களில், மூன்று மணிக்கே ஆபீஸ் வேலை முடிந்துவிட்டால் கிளப்புக்குப் போவேன். சிவப்புப் பந்தைக் குழிக்கு நேராக வைத்து வெள்ளையால் அடிப்பேன். நடுவில் அடித்தால் வெள்ளை மோதிய இடத்திலேயே நின்றது. மேலே அடித்தால் சிவப்பின் பின்னாலேயே உருண்டது. கீழே அடித்தால் என்னைப் பார்த்துத் திரும்பி வந்தது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எவ்வளவு தூரம் திரும்பி வரும் என்பதுதான் தெரியாதது.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். பழைய பத்திரிகையில் ஒரு பக்கத்தைக் கிழித்துச் சுவர்ப் பக்கத்துக் குஷனோரம் துணிமேல் விரித்தேன். சிவப்பும் குழிக்குள் விழ வேண்டும், வெள்ளையும் அந்தத் தாளின்மேல் வந்து நிற்க வேண்டும். பத்தில் ஏழு முறை நின்றால் தாளைப் பாதியாக மடிப்பேன். பிறகு அதிலும் பாதி.

முதல் வாரம் தாளை மடிக்கவே முடியவில்லை. கை அவசரப்பட்டது. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஜன்னலைப் பார்த்தேன். புல் அசைந்தால் நிறுத்தினேன். கோழி கத்தினால் நிறுத்தினேன். உடம்பு நடுங்கினால் கியூ கோட்டை விட்டு விலகும், விலகினால் சைடு தானாகவே ஏறிவிடும். பயம் போனால்தான் பந்து சொன்னபடி கேட்கும், பந்து சொன்னபடி கேட்டால்தான் பயம் போகும். இந்த இழவை எங்கே போய்ச் சொல்வது?

இரண்டாம் வாரம் ஒன்று புரிந்தது. பலமாக அடிப்பதால்தான் கெடுகிறது. மெதுவாக, கியூவை முழுக்க நீட்டி, அடித்த பிறகும் தலையைத் தூக்காமல் இருந்தால் பந்து அடங்குகிறது. கோணத்தில் மோதும்போதும் அப்படித்தான். சைடு இல்லாத பந்து குஷனில் எந்தச் சாய்வில் போகிறதோ ஏறக்குறைய அதே சாய்வில் திரும்பும். அதை நம்பலாம். அந்தக் காலத்தில் நம்புவதற்கு வேறென்ன இருந்தது?

மூன்றாம் வாரத்தில் தாள் கையளவுக்கு வந்துவிட்டது.

டிரசர் சூசை கணக்குப் பார்க்கிறார்

பழகுவதற்கு எதிராளி வேண்டுமே. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசர் சூசை, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வந்தார். இருமலும் சிரிப்பும் ஒன்றாக வரும் மனுஷர். அவருக்குக் கியூவும் ஒன்றுதான், ஊசியும் ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு குத்துவார்.

நான் அடிக்கும்போது வெள்ளையைச் சுவர்ப் பக்கமே வைத்துக்கொண்டேன். என் முறை முடிகிறது, இனி குழியில் போட வழியில்லை என்று தெரிந்தால், கடைசி அடியில் வெள்ளையைக் குஷனோரம் ஒட்டிவிடுவேன். குஷனில் ஒட்டிய பந்தை அடிப்பது கஷ்டம். அது ஆட்டத்தில் நியாயமான தந்திரம்தான்.

ஆனால் எந்தக் குஷன்? மேசையில் குஷன்களுக்கா பஞ்சம்? நான் ஒவ்வொரு முறையும் ஜன்னல் பக்கத்துக் குஷனைத்தான் தேர்ந்தேன். அங்கிருந்து அடிக்கிறவர் பந்தை எதிர்ப்பக்கம்தான் அனுப்ப முடியும். அது சுவர்ப் பக்கம் வந்து சேரும். அடுத்து நான் சுகமாக அங்கே நிற்கலாம்.

தெரியாமல் செய்தேன் என்று எழுதலாம். எழுதினால் பொய்.

ஒரு வியாழக்கிழமை சூசை கியூவைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"தம்பி, ஒன்னு கேக்கட்டா?"

"கேளுங்கண்ணே."

"இன்னிக்கி நான் பதினோரு தடவ அடிச்சேன். ஒம்போது தடவ ஜன்னலுக்குத்தான் முதுகைக் காட்டிட்டு நின்னேன். நீ ஒரு தடவகூட நிக்கல. எனக்கு நாலு புள்ளைங்க இருக்கு லா."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இருமலும் வந்தது. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "ஆட்டத்துல அப்படி அமைஞ்சிருச்சுண்ணே," என்றேன்.

"அமையும் அமையும்," என்றார் அவர், கியூவைச் சுவரில் மாட்டிக்கொண்டே. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை

அந்த வெட்கத்தோடுதான் சனிக்கிழமை துரையின் முன்னால் நின்றேன். அன்று முதல் முறையாக என் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் அடிப்பதைப் பார்த்தேன்.

அதுவரை துரையை ஒரு சாதாரண ஆட்டக்காரர் என்றே எண்ணியிருந்தேன். சைடே போட மாட்டார். நேராக, மெதுவாக, தலையைத் தூக்காமல் அடிப்பார். சுவாரஸ்யமில்லாத ஆட்டம் என்று பாக்கியத்திடம்கூடக் கேலி செய்திருக்கிறேன்.

முதல் சிவப்பைப் போட்டார். வெள்ளை சுவர்ப் பக்கம் வந்து நின்றது. அங்கிருந்து அடுத்ததைப் போட்டார். மறுபடி சுவர்ப் பக்கம். பிறகு போட வழியில்லாத ஒரு நிலை வந்தது. நிதானமாகக் கியூ நுனியில் சாக்கட்டி தேய்த்தார், குனிந்தார், மெல்லத் தட்டினார். வெள்ளை சோம்பலாக உருண்டு போய் ஜன்னல் பக்கத்துக் குஷனைத் தொட்டு நின்றது.

"உன் முறை, கிராணி."

இரண்டு மாதமாக எல்லாப் புதனும் எல்லாச் சனியும் மனதில் ஓடின. மேசைக்கு அடியில் பாய்ந்த அன்றும் வெள்ளை அங்கேதான் நின்றது. அவர்தான் வைத்தார். அமைந்தது அல்ல, வைத்தது. நான் மூன்று வாரம் தாளை மடித்துக் கற்றதை, இந்த மனுஷன் எனக்கு முன்பே எங்கோ தனியாகக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். ஆட ஆள் வேண்டும் என்று கூப்பிட்டாரா, ஜன்னலை அடைக்க ஒரு முதுகு வேண்டும் என்று கூப்பிட்டாரா?

கோபம் வந்தது. நான் கோபக்காரன் இல்லை, பயந்தவன் கோபத்துக்கு எங்கே போவான்? ஆனால் அன்று வந்தது. ஜன்னல் பக்கம் போய் நின்றேன். முதுகுத்தண்டில் வியர்வை இறங்கியது. வெளியே எங்கோ டப்பென்று ஒரு காய் வெடித்தது. இந்த முறை நான் அசையவில்லை.

போடுவதற்கு எனக்கு ஒரு சிவப்பு இருந்தது. சுலபமான பந்து. அதை விட்டுவிட்டேன். வேறொரு சிவப்பை உரசும்படி வெள்ளையை எதிர்க் குஷனுக்கு அனுப்பினேன். மேலும் இல்லை கீழும் இல்லை, நட்ட நடுவில் ஒரு அடி. அது சுவர்ப் பக்கத்தில் பட்டு, போன சாய்விலேயே திரும்பி, மேசையைக் கடந்து, மெல்ல மெல்ல ஜன்னல் பக்கத்துக்கே வந்து, நான் புறப்பட்ட இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளிக் குஷனில் ஒட்டிக்கொண்டது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு பந்தை நான் அடித்ததில்லை.

பிறகு மேசையைச் சுற்றி நடந்து சுவர்ப் பக்கம் வந்து நின்றுகொண்டேன்.

"உங்கள் முறை, சார்."

துரை பந்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கழுத்து சிவந்தது. சாக்கட்டியை எடுத்தார், தேய்த்தார், மறுபடி தேய்த்தார். ஓரடி எடுத்துவைத்தவர் மேசையின் மூலையிலேயே நின்றுவிட்டார்.

என்னோடு அவர் எப்போதும் ஆங்கிலம்தான். தமிழ் ரப்பர் பால்வெட்டுக்காரர்களிடம் மட்டும். அன்று தமிழில் சொன்னார்.

"இருட்டிப் போச்சு, கிராணி. போதும்."

மணி நாலரை. ஜன்னல் வழியாக வெயில் துணிமேல் பட்டு ஒட்டுத் தையல்கூடத் தெரிந்தது. அவர் கியூவை மேசைமேலேயே போட்டுவிட்டு வாசலுக்கு நடந்தார். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். பாக்கியத்திடம் சாமான் கட்டச் சொல்லிவிட்டேன். ஞாயிறு போனது. திங்கட்கிழமை ஆபீசில் துரை வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டார். செவ்வாய்க்கிழமை லாரி ஒன்று கிளப் வாசலில் வந்து நின்றது. ஆட்கள் இறங்கி ஜன்னலுக்கு வெளியே நெஞ்சளவு உயரத்துக்கு மணல் மூட்டை அடுக்கினார்கள். அதற்குப் பிறகு துரை அந்தப் பக்கம் வரவேயில்லை.

சூசையிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "விடு தம்பி, மூட்டை வந்துச்சுல்ல," என்றார். அதன் பிறகு பல மாதம் ஆடினோம். என் கைக்குப் பழகிவிட்டதோ என்னவோ, மூட்டை இருந்தும் அவருக்கு நான் வைத்த பந்து பெரும்பாலும் ஜன்னல் பக்கம்தான் போய் நின்றது.

படித்துக் காட்டியபோது

இந்தத் தொடரில் எதையும் பத்திரிகைக்கு அனுப்புமுன் பாக்கியத்துக்குப் படித்துக் காட்டுவேன். பேரன் பேத்தி எடுத்துவிட்டோம், அவளுக்குக் கண் சரியில்லை, காது மட்டும் கத்தி மாதிரி.

இதையும் நேற்றுப் படித்தேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். துரை கியூவைப் போட்டுவிட்டுப் போன இடத்தில் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க," என்றாள். "துரைய நல்லா மடக்கிட்டீங்க."

"பின்ன?"

அவள் ஒரு தண்டை ஒடித்துத் தட்டில் போட்டாள்.

"அந்த வீட்டுல நம்ம கட்டிலும் ஜன்னல ஒட்டித்தானே கெடந்துச்சு. வயித்துல புள்ளையோட நான்தான் அந்தப் பக்கம் படுத்தேன். பொறந்தப்புறமும் நானும் புள்ளையும்தான். காத்து வரும்னு சொன்னீங்க."

நான் தாளை மடித்தேன்.

"காத்துக்காகத்தான் விட்டீங்க, இல்ல?" என்றாள்.